கடைக்குள் பாதி, தெருவில் பாதி

ஒரு கடை மூடிக்கிடப்பதைப் பார்த்தால் நம்மவர்கள் வாயில் முதலில் வருவது, "அவருக்கு வியாபாரம் பண்ணத் தெரியலே" என்பதுதான். தெருவில் நாலு கடைகள் அடுத்தடுத்து மூடினாலும் அதே பேச்சு. மகன் பொறுப்பாக இல்லை, கூட்டாளியோடு சண்டை, வாடிக்கையாளரிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார், இப்படி ஆளைப் பற்றியே போகும். கடை ஓகோவென்று ஓடினாலும் அப்படித்தான். "கை ராசி" என்று முடித்துவிடுவோம்.

இந்த இரண்டு பேச்சிலும் எனக்கு உடன்பாடு இல்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கடை வைத்திருப்பவர்களோடு நெடுங்காலமாகப் பேசிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் திறமை பாதிதான். மீதிப் பாதி வாசலுக்கு வெளியே நடக்கிறது. ரயில் எங்கே நிற்கிறது, சம்பளம் எங்கே போடுகிறார்கள், பெர்மிட் கிடைக்கிறதா, டில்லியில் அரிசிக்கு என்ன உத்தரவு போட்டார்கள், நேற்று எவ்வளவு மழை பெய்தது. இவற்றில் ஒன்றைக்கூடக் கடைக்காரர் தீர்மானிப்பதில்லை. அவர் கடையை இவை தீர்மானிக்கின்றன.

பிரிக்பீல்ட்ஸையே எடுத்துக்கொள்வோம். அந்த இடமே ஒரு பேரிடரின் விளைவாகப் பிழைப்புக் கண்ட இடம். 1881இல் கோலாலம்பூரில் பெரும் தீ. அதே ஆண்டு வெள்ளம். மரமும் அத்தாப்பும் வைத்துக் கட்டிய ஊர் அழிந்தது. அடுத்த ஆண்டு சிலாங்கூர் ரெசிடென்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்றார். ஊர் முழுவதும் செங்கல் கேட்டது. களிமண் இருந்த இந்தப் பக்கம் சூளைகள் புகைந்தன. சூளை போட்டவர்கள் கெட்டிக்காரர்களாகவே இருந்திருக்கலாம். ஆனால் தீயும் வெள்ளமும் அரசாங்க உத்தரவும் சேராமல் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு விலை ஏது?

அப்புறம் ரயில். 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்த தடம் வந்தது. ரயில்வே வளர வளர, பெட்டிகளைக் கோக்கும் பெரிய யார்டும் ஊழியர் குடியிருப்புகளும் பிரிக்பீல்ட்ஸில் அமைந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளிகள், மலையாளிகள். எல்லாருக்கும் மாதச் சம்பளம். மாதச் சம்பளக்காரர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் குடியிருந்தால் மளிகைக்கடைக்கு வேறென்ன வேண்டும்? புத்தகக் கணக்கில் சாமான் கொடுப்பார்கள், சம்பளம் போட்டதும் பணம் வந்துவிடும். கடனைத் திருப்பித் தருவாரா என்று கடைக்காரர் ஆளைப் பார்த்து எடைபோட வேண்டியதில்லை. ரயில்வேதான் அவருக்கு ஜாமீன். அந்தக் காலத்துக் கடைக்காரர்களை "நாணயமானவர்கள், நல்ல வியாபாரிகள்" என்று நாம் புகழும்போது இந்த ஜாமீனை மறந்துவிடுகிறோம்.

அந்த யார்டு இருந்த நிலத்தில் 2001 ஏப்ரலில் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. 2003இல் மோனோரயில். 2010 அக்டோபரில் அப்போதைய இரு நாட்டுப் பிரதமர்கள் மன்மோகன் சிங்கும் நஜிப்பும் சேர்ந்து லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார்கள். தெருவுக்கு வளைவுகள், வண்ணம், நீரூற்று. 2014இல் நியூ சென்ட்ரல் பேரங்காடி. கிட்டத்தட்ட அதே சமயத்தில் ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் என்று எல்லாரும் சொல்லும் பழைய ரயில்வே குடியிருப்பு வரிசைகளை இடித்தார்கள்.

இதை வளர்ச்சி என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. வாடிக்கையாளரே மாறிவிட்டார். முன்பு அரிசி மூட்டை வாங்க வந்தவர் பக்கத்து லயனில் குடியிருந்தவர். இப்போது வருபவர் மதியம் ஒரு மணிக்கு அலுவலகக் கோபுரத்திலிருந்து இறங்கி வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போகிறவர். அல்லது பெட்டியை இழுத்துக்கொண்டு வரும் சுற்றுப்பயணி. அல்லது வெளியூரிலிருந்து கல்யாணச் சேலை எடுக்க வரும் குடும்பம். மளிகைக்கடைகள் சுருங்கின, சாப்பாட்டுக் கடைகள் பெருகின. பூக்கடையும் நாணயமாற்றுக் கடையும் தாக்குப்பிடித்தன. காரில் வருபவர்களை நம்பியிருந்த கடைகளுக்கு நெரிசலும் நிறுத்த இடமில்லாத நிலையும் தலைவலியாகிவிட்டன.

இதில் எனக்கு நெடுநாளாக ஒரு கருத்து உண்டு. ஒரு தெரு வளர்ந்தால் முதலில் வளர்வது கட்டடச் சொந்தக்காரர்தான். வாடகைக்குக் கடை வைத்திருப்பவருக்கு வியாபாரம் கூடுவதற்கு முன்னாலேயே வாடகை கூடிவிடும். அதே வரிசையில், அதே பொருளை, அதே சாமர்த்தியத்தோடு விற்ற இரண்டு பேரில் ஒருவர் நின்றார், ஒருவர் போனார் என்றால், பல சமயம் வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: நின்றவரின் அப்பா எப்போதோ அந்தக் கடைவீட்டை வாங்கிப்போட்டிருந்தார். "அவர் கெட்டிக்காரர்" என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு நிலப்பட்டாவைப் பார்த்துத்தான்.

கிள்ளான் கதை வேறு. அங்கே ஜாமீன் நின்றது ரயில்வே அல்ல, ரப்பர்.

1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. துறைமுகத்துக்குப் பின்னால் தோட்டங்கள். தோட்டத்துச் சனம் சம்பளம் வாங்கிய பின் டவுனுக்கு வரும். துணி, நகை, பாத்திரம், சாமிப்படம், எல்லாம் அங்கேதான். கிள்ளானில் ஒரு ஜவுளிக்கடைக்காரரின் வருமானம் லண்டனில் ரப்பர் என்ன விலைக்குப் போகிறது என்பதில் இருந்தது. கொரியப் போர்க் காலத்தில் ரப்பர் விலை ஏறியபோது கடைத்தெருவுக்கும் அதில் பங்கு வந்தது. அதற்கு முன் 1930களின் மந்தத்தில் விலை அடியோடு விழுந்து, பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளிகளைக் கப்பலேற்றி ஊருக்கே அனுப்பினார்கள். வாடிக்கையாளரையே நாடு கடத்திவிட்டால் கடைக்காரர் என்ன செய்வார்?

நகரத்தார் நிலைமை இன்னும் கவனிக்க வேண்டியது. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் கணக்கில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. ஆனால் மந்தம் வந்தபோது கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை. அடமானமாக இருந்த தோட்டங்களும் நிலங்களும் அவர்கள் கைக்கு வந்தன. வட்டித்தொழிலுக்குப் பணம் சுழல வேண்டும். வந்ததோ விலைபோகாத ரப்பர் மரம். 1933இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். அந்த ஒதுக்கீட்டு நிலத்தை அடமானமாக வாங்கும் வழியும் அடைபட்டது. கணக்குப் புத்தகத்தில் ஒரு பிழையும் இல்லாமலே ஒரு தொழிலின் தரை மாறிப்போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் சரித்திரத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

பிறகு தோட்டங்களும் போயின. புக்கிட் ராஜா தோட்டம் பண்டார் புக்கிட் ராஜா ஆனது. தோட்டத்து மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். சம்பள நாள் கூட்டம் மறைந்தது, தீபாவளிக் கூட்டம் மிஞ்சியது. இன்றைக்கு ஜாலான் தெங்கு கிளானாவில் பல கடைகளின் ஆண்டுக் கணக்கு தீபாவளிக்கு முந்தைய சில வாரங்களில்தான் நிற்கிறது. அந்த வாரங்களில் மழை வெளுத்து வாங்கினாலோ, சாலையோரத்தில் தற்காலிக ஒட்டுக்கடைகளுக்கு இடம் கொடுத்து, வெளிநாட்டிலிருந்து சரக்கோடு வந்தவர்கள் அதில் உட்கார்ந்தாலோ, வருடம் முழுக்க வாடகையும் லைசென்ஸும் கட்டியவரின் வயிறு எரியாமல் என்ன செய்யும்? இந்தச் சண்டை தீபாவளிக்குத் தீபாவளி வருகிறது. அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது என்பது மாநகர் மன்றத்தின் முடிவு. வியாபாரியின் திறமைக்கு அதில் வேலையே இல்லை.

இப்போது ஆள் விஷயம். இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

முடிதிருத்தும் நிலையம், ஜவுளிக்கடை, நகைக்கடை, இந்த மூன்று துறைகளுக்கும் வெளிநாட்டு ஆள் எடுப்பதை 2009இல் நிறுத்திவைத்தார்கள். மூன்றிலும் இந்தியர்கள் அதிகம், குறிப்பாகத் தமிழர்கள். எனக்குப் பழக்கமான ஒரு முடிதிருத்தும் நிலையத்தில் சுவரோரம் ஐந்து நாற்காலிகள். இரண்டில்தான் வேலை நடக்கும். "ஏண்ணே, வாடிக்கை குறைஞ்சு போச்சா?" என்று கேட்டேன். "வாடிக்கை இருக்கு தம்பி. சனிக்கிழமை வந்து பாரு, உட்கார இடமில்லாம திரும்பிப் போவாங்க. கத்திரி பிடிக்கத்தான் கை இல்லே," என்றார். அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு மகன்களும் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதில் அவருக்குப் பெருமைதான். ஊரிலிருந்து தொழில் தெரிந்தவர்களைக் கூப்பிட முடிந்திருந்தால் பக்கத்துத் தாமானில் இன்னொரு கிளை போட்டிருப்பேன் என்றார். போடவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் வளரத் தெரியாத வியாபாரி.

2023இல் அப்போதைய மனிதவள அமைச்சர் வ. சிவகுமார், மூன்று துறைகளுக்கும் சேர்த்து 7,500 ஆட்களுக்கு அமைச்சரவை இசைந்திருப்பதாக அறிவித்தார். கடைத்தெருவில் அன்று இருந்த மகிழ்ச்சியை நான் பார்த்தேன். ஆனால் அறிவிப்புக்கும் ஆள் வந்து இறங்குவதற்கும் இடையே இழுபறி. அடுத்த ஆண்டும் சங்கங்கள் கோரிக்கை வைத்துக்கொண்டுதான் இருந்தன.

உள்ளூர்ப் பிள்ளைகளைப் பழக்குங்கள், ஏன் வெளியாளையே கேட்கிறீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, நானும் அந்தப் பக்கம் சாய்கிறவன்தான். நம் இளைஞர்கள் கையில் நல்ல தொழில் இருக்க வேண்டும், அந்தத் தொழிலுக்கு மரியாதை இருக்க வேண்டும். ஆனால் பொற்கொல்லர் வேலை ஒரு வருடப் பயிற்சியில் வந்துவிடாது. ஒரு கதவை அடைக்கிறபோதே அடுத்த கதவைத் திறந்து, அதில் ஆள் நடந்து வரும்வரை காலக்கெடு கொடுத்திருந்தால் அது கொள்கை. அடைத்துவிட்டுப் பதினைந்து வருடம் கழித்து "ஏன் நீங்கள் பழக்கவில்லை" என்று கடைக்காரரிடம் கேட்பது சரியில்லை.

குறைந்தபட்சச் சம்பளமும் இதோடு சேர்ந்ததுதான். 2022 மே மாதம் 1,500 வெள்ளி, 2025இல் 1,700 வெள்ளி. வேலை செய்பவருக்கு அது தேவை. கோலாலம்பூரில் 1,700 வெள்ளியை வைத்துக் குடும்பம் நடத்திப் பார்த்தால் தெரியும். ஆகவே இந்த உயர்வைக் குறைசொல்லமாட்டேன். ஆனால் உயர்ந்த சம்பளத்தைக் கொடுக்க விற்பனை உயர வேண்டும். உயர்த்தத்தான் ஆள் இல்லை. சின்னக் கடை இரண்டு பக்கமும் இழுபடுகிறது.

வாழையிலைச் சாப்பாட்டுக்கு வருவோம். 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மழை பொய்க்குமோ என்ற பயம், அடுத்த வருடம் பொதுத்தேர்தல். உள்நாட்டில் விலை ஏறக்கூடாது என்று அவர்களுக்கு அவர்கள் கவலை. ஆகஸ்ட் 25இல் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி. பிரிக்பீல்ட்ஸில் இலையில் விழும் பொன்னி புழுங்கலுக்கு அந்த வரி நேரடியாக வந்து சேர்ந்தது. செப்டம்பர் முதல் தேதி, அரிசி இறக்குமதி செய்யும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக ஏற்றியது. டிசம்பரில் வெங்காயத்துக்கும் இந்தியா தடை போட்டது, அடுத்த மே மாதம்வரை. போதாக்குறைக்கு 2024 பிப்ரவரியில் ரிங்கிட் 1998க்குப் பிறகு காணாத அளவுக்கு டாலருக்கு எதிராக இறங்கியது.

சோற்றையும் வெங்காயத்தையும் விட்டுவிட்டு நம் சாப்பாட்டுக் கடை எதை விற்கும்? ஒரு கடையில் சோறு இரண்டாம் முறை போடுவதற்குக் காசு வாங்க ஆரம்பித்ததும், வாடிக்கையாளர் ஒருவர் "பேராசை" என்று முகம் சுளித்ததை நேரில் பார்த்தேன். பரிமாறிய அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அந்த இலைக்குப் பின்னால் டில்லியின் உத்தரவு இருக்கிறது என்று அந்த வாடிக்கையாளரிடம் யார் உட்கார்ந்து விளக்குவது? இந்தப் பதிவை எழுத என்னைத் தூண்டியது அந்தக் காட்சிதான்.

தலைகீழாகவும் நடக்கும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியப் பயணிகள் 30 நாள்வரை விசா இல்லாமல் மலேசியா வரலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர் யாரும் விளம்பரம் செய்யவில்லை, தள்ளுபடி போடவில்லை. ஆனால் சைவச் சாப்பாடு எங்கே, சிம் கார்டு எங்கே என்று கேட்டு வருபவர்கள் கூடினார்கள்.

அடுத்த ஆகஸ்டிலேயே அதன் மறுபக்கத்தையும் பார்த்தோம். 2024 ஆகஸ்ட் 23 அன்று கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை திடீரென்று உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்த ஒரு சுற்றுப்பயணி அந்தக் குழிக்குள் விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் துயரத்துக்கு முன் வியாபாரத்தைப் பேசுவதே கூசுகிறது. இருந்தாலும் சொல்ல வேண்டியதாக இருக்கிறது: அந்தத் தெருவின் துணிக்கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் ஆளரவமில்லாமல் கிடந்தன. நிலத்தடியில் ஓடும் நீரும் கழிவுநீர்க் குழாய்களும் எந்தக் கடைக்காரர் பொறுப்பும் இல்லை. நட்டம் மட்டும் அவர் பொறுப்பு.

கோவிட் காலத்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஒன்றைமட்டும் சொல்கிறேன். 2020 மார்ச் 18 அன்று நாடு அடைபட்டபோது முடிதிருத்துவோர் ஜூன் 10வரை கத்திரியைத் தொட முடியவில்லை. கோயில்கள் மூடின, கல்யாணங்கள் நின்றன, தமிழ்நாட்டிலிருந்து மல்லிகையைச் சுமந்து வரும் விமானங்களும் நின்றன. ஆகவே மாலை கட்டுபவர்களுக்குப் பூவும் இல்லை, பூ கேட்பவரும் இல்லை. மளிகைக்கடைகளோ திறந்திருந்தன. இரண்டு கடைகளும் பக்கத்துப் பக்கத்தில். எது அத்தியாவசியம் என்று ஓர் அரசாணை பிரித்ததில் ஒருவர் பிழைத்தார், ஒருவர் சேமிப்பைக் கரைத்தார்.

2021 டிசம்பர் வெள்ளம் இன்னும் என் மனத்தில் ஆறவில்லை. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கடைவீடுகளுக்குள் நீர் நாள்கணக்கில் நின்றது. நாடு முழுவதும் வெள்ளச் சேதம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் வணிகக் கட்டடங்களின் பங்கு 50 கோடி. முடக்கம் தளர்ந்து சரக்கு எடுத்து நிமிர்ந்த நேரத்தில் வந்த வெள்ளம் அது. தீக் காப்பீடு எடுத்திருந்தவர்களில் பலர், அது வெள்ளத்துக்குப் பொருந்தாது, தனியாகச் சேர்த்திருக்க வேண்டும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டார்கள். தயவுசெய்து உங்கள் கடையின் காப்பீட்டுத் தாளை எடுத்து, வெள்ளம் என்ற சொல் அதில் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

எல்லாம் வெளியிலிருந்து வருகிறது, ஆகவே வியாபாரி கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம் என்று நான் சொல்லவரவில்லை. வானம் பார்த்த பூமியில் உழுபவர்தான் வானத்தை எல்லாரையும்விடக் கூர்ந்து பார்ப்பார். நம் கடைக்காரர்களும் அப்படிப் பார்க்க வேண்டும். இந்திய வர்த்தக அமைச்சின் அறிவிப்புகளை அரிசி மொத்த வியாபாரி சொல்லித் தெரிந்துகொள்வதைவிட, கைப்பேசியில் நேரே பார்ப்பது முடியாத காரியமா? வாடகை ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்குப் பதில் ஐந்து வருடத்துக்கு, ஏற்ற விகிதத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடலாமே? இந்தியத் தொழில்முனைவோருக்கான தெக்குனின் ஸ்பூமி கடனுதவியை வியாபாரம் படுத்த பிறகு தேடி ஓடுவதைவிட, நன்றாக ஓடும்போது எடுத்து வியாபாரத்தை வளர்த்து, லாபத்திலிருந்து சொந்தமாக ஒரு கடைவீட்டுக்கு முன்பணம் சேர்க்கும் வழியைப் பார்க்கலாமே?

ஆனால் தனி ஆளாய்ச் செய்யக்கூடியது அவ்வளவுதான். மீதிக்குச் சங்கம் வேண்டும், அதுவும் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு நிற்காத சங்கம். நம் கடைத்தெருவில் எனக்குள்ள பெரிய ஆதங்கம், கையில் கணக்கு இல்லாமல் மனு கொடுப்பது. சாலையைத் தோண்டுவதற்கு முன் மாத விற்பனை என்ன, தோண்டிய பின் என்ன. தீபாவளி ஒட்டுக்கடை போட்ட ஆண்டு என்ன, போடாத ஆண்டு என்ன. எத்தனை நாற்காலி காலியாகக் கிடக்கிறது. இருபது கடைகள் பெயர் போடாமல் இதை எழுதிச் சேர்த்தால், மன்றத்துக்கும் அமைச்சுக்கும் முன்னால் வைக்க ஒரு தாள் கிடைக்கும். "ரொம்பக் கஷ்டமா இருக்கு சார்" என்பதற்கு அதிகாரி தலையாட்டுவார். அந்தத் தாளுக்கு அவர் பதில் எழுதியாக வேண்டும்.

கிள்ளானில் இதற்குச் சரியான வேளை இது. பண்டார் உத்தாமாவிலிருந்து ஜொகான் செத்தியா வரை போடப்பட்ட ஷா ஆலம் எல்ஆர்டி தடம் கிள்ளான் வழியாகப் போகிறது. 2001இல் ஒரு நிலையம் பிரிக்பீல்ட்ஸை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும்; யாருக்கு லாபம், யாருக்கு வாடகை ஏற்றம் என்பதும் தெரியும். ஜாலான் தெங்கு கிளானா வியாபாரிகள் மூன்று விஷயங்களைக் கூடிப் பேச வேண்டும்: நிலையங்களிலிருந்து தெருவுக்கு இணைப்புப் பேருந்து, நிழலோடு நடைபாதை, இப்போதைய வாடகையிலேயே நீண்ட ஒப்பந்தம். முதல் இரண்டையும் மாநகர் மன்றத்திடம் கேட்க வேண்டும், மூன்றாவதைக் கட்டடச் சொந்தக்காரரிடம். மூன்றாவதை முதலில் கேளுங்கள்.